பேட்டரி இறங்குவதன் காரணம் யாது?

திருப்பெரும்புதூரை இராமாநுசர் பிறந்த ஊராக நம் முன்னோர் அறிந்தனர்; இக்காலத்தார் அதனை மோட்டார் வண்டிகள் பிறக்கும் ஊராகவும் அறிவர். 1996ஆம் ஆண்டில் கொரிய நாட்டு ஹூண்டாய்க் கம்பெனியார் அதனருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை அமைக்கத் தொடங்கினர்; 1998இல் அவர்தம் வண்டி விற்பனைக்கு வந்தது. 2010இல் ரெனோ, நிசான் என்னும் இரு கம்பெனியாரும் கூடி ஒரகடத்தில் ஒரு பெருந்தொழிற்சாலை திறந்தனர். 2012இல் டைம்லர் லாரிகளும், 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அவ்வூரிலிருந்தே புறப்படலாயின. இத்துணை வண்டிகள் பிறக்கும் அச்சாலையில், ஒரு சிறு வண்டி மட்டும் திங்கட்கிழமைதோறும் வைகறையில் எழாமற் கிடந்தது. அதன் காரணம் கண்ட முறையை ஈண்டு எழுதப் புகுகின்றேம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மோட்டாரில் என்ன வேலை என்று வினவுவார்க்கு எம் விடை இது: அவ்வண்டி எம் மாமாவினுடையது, அதனைத் தள்ளியவருள் யாமும் ஒருவரேம்.

மாமா படப்பையில் வாழ்பவர். அவர் தம் சிறிய பெட்ரோல் வண்டியில், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றின் முதல் ஷிப்டுக்குச் செல்லும் நால்வரை நாள்தோறும் ஏற்றிச்சென்று விடுவதும், இரவு ஷிப்டு முடித்தாரை அழைத்துவருவதும் தொழிலாகக் கொண்டவர். வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பதில்லை என்பது அவர் நெடுநாளாகக் காத்துவரும் உறுதி. ஆலயம் அடுத்த தெருவிலேயே இருத்தலின் அன்று வண்டி வேண்டுவதும் இல்லை. சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு நிறுத்திய வண்டியைத் திங்கட்கிழமை வைகறை நாலரை மணிக்கு மீண்டும் எழுப்புவார். அப்பொழுதுதான் அது எழாது. சாவியைத் திருகினால் 'டக், டக்' என்னும் ஓசையொன்றே கேட்கும். வண்டியில் ஏற வந்த நால்வரும், அவருள் இருவர் பெண்டிர், இருளில் இறங்கி அதனைத் தள்ளுவர். ஆறு மணிக்குள் வாயிலில் நுழையாதார்க்கு அரைநாட் கூலி போம். மூன்றாம் முறை இவ்வாறு நேர்ந்தபோது, வண்டி அமர்த்தித் தரும் ஏஜெண்டு இன்னும் ஒருமுறை தவறின் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகக் கூறிவிட்டார். வண்டிக் கடனும் எம் மாமன் மகளின் கல்லூரிச் சம்பளமும் அவ்வருவாயிலேயே நடப்பன.

மாமா வாளா இருந்தாரல்லர். பதினான்கு மாதத்தில் இரண்டு முறை புதுப் பேட்டரி மாற்றினார். முதற்கண் மாற்றியது முறையே; பழையது மூன்றாண்டு உழைத்தது. ஆனால் அதன்பின் வந்த புதியதும் எட்டு மாதத்தில் இறங்கலாயிற்று. உத்தரவாதம் உண்டே என்று கடைக்குக் கொண்டுசென்றபோது, முற்றும் இறக்கிக் கெடுத்த பேட்டரிக்கு உத்தரவாதம் செல்லாது என்றனர். ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய் கொடுத்து மற்றொன்று வாங்கினார். சில மாதத்தில் அதுவும் திங்கட்கிழமை நோய் கொண்டது. நான்காவது வாங்கக் கடன் கேட்கப் புறப்பட்டவரை, கடைத்தெருவில் மோட்டார் மின்வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் முதலிற் காட்டுவோம் என்று தடுத்து அழைத்துச் சென்றேம். அறுபது கடந்த அப்பெரியவரை எல்லாரும் மேஸ்திரி என்பர்.

அவர் செய்தவற்றைக் கூறுமுன், பேட்டரியின் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். இதனைச் 'சேமக்கலம்' என்று அழகுறப் பெயரிட்டு வழங்கலாம். ஆயினும் படப்பைக் கடைத்தெருவில் அப்பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவரும் எடுத்துத் தாரார் ஆதலின், வழங்கும் சொல்லையே யாமும் ஆளுகின்றேம். 1859இல் பிரெஞ்சுநாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே என்பார் ஈயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் தக்க கலமொன்றை அமைத்தார். இன்றும் பெரும்பாலான மோட்டார் வண்டிகளில் உள்ளது அதன் வழித்தோன்றலே. 1912இல் அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தபின், எஞ்சினைக் கையாற் சுழற்றும் இடர் மெல்ல ஒழிந்து, அவ்வேலை பேட்டரியின் தலையில் விழுந்தது. எஞ்சினைச் சுழற்றும் அச்சில நொடியில் நூறு ஆம்பியருக்கு மேலும் அது கொடுத்தல் வேண்டும். பெட்ரோலின்றி மின்சாரத்தாலேயே ஓடும் புதுவகை வண்டிகளிலும், பெரிய பேட்டரியோடு இத்தகைய சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் உண்டு. அது இறங்கின் அவ்வண்டியும் எழாது.

பேட்டரியினுள் ஆறு கலங்கள். முழுதும் ஏறிய கலம் ஒன்று ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் தொடர்ந்து 12.6 ஆகும். மின்சாரம் இறங்குங்கால் இருவகைத் தகட்டின்மேலும் ஈய சல்பேட்டு என்னும் வெண்படிவு உண்டாகும், திராவகம் நீர்த்துப்போம். மீண்டும் ஏற்றுங்கால் அப்படிவு கரைந்து தகடுகள் பழைய நிலை எய்தும். இறங்கிய நிலையிலேயே பன்னாள் கிடந்தாலோ, படிவு கட்டிப்பட்டுக் கரையாததாகிவிடும். அதன்பின் எத்துணை ஏற்றினும் பேட்டரி முன்போற் கொள்ளாது.

இதனை விளக்க எமக்கு எளிய உவமை, எம் வட்டாரத்து ஏரியே. செம்பரம்பாக்கம், மணிமங்கலம், திருப்பெரும்புதூர் என ஏரிகள் நிறைந்த நாடு இது. ஓர் ஏரி வேனிலுக்கு முன்னரே வறண்டுபோயிற்றென்றால், ஊரார் மூன்றனை ஐயுறுவர். வரத்துக்கால் தூர்ந்து நீர் வரவில்லையோ? மதகு கசிந்து இரவும் பகலும் நீர் ஒழுகுகின்றதோ? அன்றி, ஏரியே வண்டல் மேவிக் கொள்ளளவு குறைந்ததோ? பேட்டரிக்கும் இவையே. வரத்துக்காலாவது ஓடும் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் ஊட்டும் ஆல்டர்நேட்டர். கசிவாவது, வண்டி நிற்கும்போதும் எங்கோ ஒரு விளக்கோ கருவியோ இரகசியமாக உண்பது. வண்டலாவது மேற்கூறிய சல்பேட்டு. ஆயினும் உவமை ஓரிடத்தில் முறியும். ஏரி வறண்டதனால் வண்டல் மிகாது. பேட்டரியோ வறண்டுகிடப்பதனாலேயே வண்டல் மிகும். ஆகவே கசிவோ வரத்துக்குறைவோ இருந்தால், சில மாதத்தில் பேட்டரியும் உண்மையாகவே கெட்டுப்போம். அந்நிலையில் கடைக்காரர் அளந்து 'பேட்டரி போயிற்று' என்றால் அவர் கூற்று பொய்யன்று. கெட்டது அதுவே, கெடுத்தது வேறு. எம் மாமாவின் நாலாயிரம் ரூபாய் இவ்வேற்றுமை அறியாமையாற் சென்றதே.

மேஸ்திரி பேட்டரியைத் தொடவேயில்லை. முதலில் மூன்று கேள்வி கேட்டார். "எந்தெந்த நாளில் எழவில்லை? எத்துணை மணி நின்றபின்? இந்நோய் தொடங்குமுன் வண்டியில் என்ன புதிதாகப் பூட்டினீர்?" முதலிரண்டுக்கும் மாமா உடனே விடை தந்தார். மூன்றாவதற்கு ஒன்றுமில்லை என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எஞ்சின் மூடியைத் திறந்தார்.

பேட்டரியின் நேர்முனையில் வெண்பச்சைப் பூஞ்சணம்போல் உப்புப் பூத்திருந்தது. ஆப்பச்சோடா கலந்த வெந்நீரை ஊற்றித் தேய்த்து, உள்ளே செல்லாமல் துடைத்து, பூட்டுகளை இறுக்கினார். 'பேட்டரி வீக்' என்று வருவனவற்றிற் பல இவ்வளவிலேயே தீருமென்றார். கழற்றும்போது எதிர்முனையையே முதலிற் கழற்றினார். பூட்டும்போது அதனைக் கடைசியிற் பூட்டினார். வண்டியின் இரும்புடல் முழுதும் எதிர்முனையோடு சேர்ந்தது. நேர்முனையிலிருக்கும் ஸ்பானர் தவறி உடலைத் தொட்டால் பெருநெருப்புப் பொறி எழும். ஏறுங்கால் பேட்டரியினின்று ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலின், அப்பொறி வெடியாகவும் கூடும். அங்கே பீடி பற்றவைக்க முனைந்த ஒருவரை அவர் தெருவுக்கு அனுப்பியதும் அதுபற்றியே.

அடுத்து அளவி கொண்டு பார்த்தார். மல்ட்டிமீட்டர் என்னும் இக்கருவி மின்பொருட் கடைகளிற் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றது. அது 12.1 காட்டிற்று. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பன்னிரண்டு காட்டுகின்றதே, நன்றன்றோ என்றேம். பெரியவர் நகைத்தார். செம்பரம்பாக்கத்து ஏரிக்கு முழு ஆழம் 24 அடி. அங்கே அளவுகோல் 12 காட்டினால் அரையாழம் என்று கொள்ளலாம். பேட்டரியின் அளவுகோல் அத்தகையதன்று. ஓய்ந்திருக்கும்போது 12.6 முழுமை, 12.4 ஏறத்தாழ முக்கால், 12.2 அரை, 12.0 கால், 11.8 வந்தால் வறண்டதென்றே கொள்க. முழுமைக்கும் வறுமைக்கும் இடையே உள்ளது ஒரு வோல்ட்கூட இல்லை. ஓய்ந்திருக்கும்போது என்பதனையும் மறவற்க. எஞ்சினை நிறுத்தியவுடன் அளந்தால் 13க்கு அணித்தாகக் காட்டும். அது புதுவெள்ளத்து நுரைபோன்றது. முகப்பு விளக்கை ஓரிரு நிமிடம் எரித்தணைத்துச் சற்றுப் பொறுத்து அளத்தல் வேண்டும். இரவு முழுதும் நின்றபின் அளத்தல் இன்னும் நன்று.

பேட்டரியை அன்றிரவு வெளியே மெல்ல ஏற்றுவித்தார். மறுநாள் மாலை அது 12.5இல் நின்றது. சாவியைத் திருகி ஸ்டார்ட்டர் சுழலும்போது அளவு 10.1க்கு இறங்கி மீண்டது. அவ்வேளையில் 9.6க்குக் கீழ் வீழ்ந்தால்தான் பேட்டரியை ஐயுறல் வேண்டும் என்பது பொதுவிதி. ஆகவே வண்டல் சிறிது படிந்திருப்பினும் ஏரி தூர்ந்துபோகவில்லை. எஞ்சின் ஓடுகையில் அளவு 14.1, விளக்கும் குளிர்ச்சிப் பெட்டியும் ஒருங்கே ஓட்டியபோதும் 13.7. வரத்துக்காலும் செவ்விதே. 13க்குக் கீழ் நின்றிருப்பின் பெல்ட்டுத் தளர்ந்ததோ, ஆல்டர்நேட்டர் பழுதோ என்று ஆராயவேண்டியிருந்திருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் அவ்வளவைக் கணிப்பொறி வேண்டுமென்றே ஏற்றியிறக்கும் என்பதும், அங்கே ஒரு முறை அளந்து முடிவுகட்டலாகாது என்பதும் அவர் கூறியவை. அவர் அதனை ஆல்டர்நேட்டர் என்னாது 'டைனமோ' என்றே கூறினார். டைனமோ வண்டிகளிலிருந்து மறைந்து பல்லாண்டாயிற்று. ஆயினும் எள்ளின் நெய்யைக் குறித்த எண்ணெய் என்னுஞ் சொல் இன்று தேங்காய்க்கும் கடலைக்கும் ஆயினாற்போல, அப்பெயர் புதுக்கருவியின்மேல் ஏறி நிற்கின்றது.

எஞ்சியது கசிவு. இதனைக் காண்டலே பொறுமை வேண்டும் வேலை. எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே அளவியை ஆம்பியர் அளக்கும் நிலையில் வைத்தார். அங்ஙனம் வைத்தால் வண்டி உண்பதெல்லாம் அளவியின் வழியே செல்லும். அந்நிலையில் சாவியைத் திருகுதல் கூடாது. பத்து ஆம்பியருக்கு அமைந்த அளவியில் ஸ்டார்ட்டரின் நூறு ஆம்பியர் பாய்ந்தால் அதன் ஃபியூஸ் எரிந்துபோம். கதவு திறந்திருப்பின் உள்விளக்கு எரியுமன்றோ? அதற்காகக் கதவின் கொளுவியை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியதாக வண்டியை நம்பவைத்தார். இனி எல்லாரும் தேநீர் பருகலாம் என்றார். பூட்டியவுடன் இக்காலத்து வண்டி உறங்குவதில்லை. அதனுள்ளிருக்கும் சிறு கணிப்பொறிகள் ஒவ்வொன்றாகக் கண்மூடும். சில வண்டிக்கு அரைமணியும் அதற்கு மேலும் செல்லும். அதற்குள் அளந்து அஞ்சுவார் பலர்.

எல்லாம் உறங்கியபின்னும் கடிகாரம், பூட்டுக்காவல் முதலியவற்றுக்காக வண்டி சிறிது உண்ணும். 50 மில்லி ஆம்பியர் வரை, அஃதாவது 0.05 ஆம்பியர் வரை, குற்றமில்லை என்பர். ஒருநாளைக்கு அது 1.2 ஆம்பியர்-மணி. மாமாவின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்வது; இவ்வளவில் அது பாதியாக இரண்டு வாரம் ஆகும். 2020 மார்ச்சு 25 முதல் நாடெங்கும் ஊரடங்கியபோது, ஒரு குற்றமும் இல்லாத வண்டிகள் பலவும் வாயிலில் நின்றபடியே இறங்கிப்போனது இக்கணக்கினாலேயே. செய்து முடித்த வண்டிகள் கப்பலேறுமுன் களத்தில் நெடுநாள் நிற்க நேருமாதலின், கம்பெனியார் பலர் அவற்றின் உணவைக் குறைக்கும் ஒரு துயில்நிலையை அமைத்தோ, சில ஃபியூஸ்களைக் கழற்றிவைத்தோ அனுப்புகின்றனர்.

தேநீர் பருகிவந்து நோக்கியபோது அளவி காட்டியது 0.6 ஆம்பியர். குற்றமில்லாத அளவைப்போல் பன்னிரண்டு மடங்கு!

கணக்கிட்டேம். சனிக்கிழமை இரவு ஏழு முதல் திங்கட்கிழமை வைகறை நாலரை வரை முப்பத்து மூன்றரை மணி. அதனை 0.6ஆற் பெருக்க ஏறத்தாழ 20 ஆம்பியர்-மணி வரும். பலமுறை வறண்டு முன்னமே கொள்ளளவு சுருங்கிய பேட்டரியில் எஞ்சுவது எஞ்சினைச் சுழற்றப் போதாது. மற்றை நாளில் வண்டி நிற்பது சில மணியே; அதற்குள் இழப்பது இரண்டு மூன்று ஆம்பியர்-மணி; அடுத்த ஓட்டத்தில் அது நிறைந்துவிடும். திங்கட்கிழமை நோயின் மறைபொருள் இதுவே. ஞாயிற்றுக்கிழமை மாமா ஓய்ந்திருந்தார். வண்டியுள் ஏதோ ஒன்று ஓய்வுநாளைக் கைக்கொள்ளாது உழைத்துக்கொண்டிருந்தது.

அதனைப் பிடிக்க, மேஸ்திரி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அளவியை நோக்கினார். விளக்கு, ஹாரன், கண்ணாடித் துடைப்பம்: அளவு அசையவில்லை. (மிகப் புதிய வண்டிகளில் ஃபியூஸைப் பிடுங்கி மீண்டும் செருகுவதே உறங்கிய கணிப்பொறியை எழுப்பிவிடும், ஆதலின் பிடுங்காமலே அதன் இருமுனைக்கும் இடையேயுள்ள மிகச்சிறு வோல்ட்டை அளப்பர்.) எட்டாவதோ ஒன்பதாவதோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.6 என்பது 0.03 ஆயிற்று. அது பாட்டுப்பெட்டியின் ஃபியூஸ்.

"முன்னிருக்கையின் கீழே கையை வைத்துப் பார், தம்பி" என்றார். வைத்தேம். அங்கிருந்த ஒலிபெருக்குங் கருவி, வண்டி நின்று ஒருமணிக்கு மேலாகியும் இளஞ்சூடாக இருந்தது. மாமாவுக்கு அப்பொழுதுதான் நினைவு வந்தது. முந்திய ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்குச் சில நாள் முன், கீர்த்தனைகள் கேட்டுக்கொண்டே ஓட்டலாமென்று சாலையோரக் கடையொன்றில் அதனைப் பூட்டுவித்திருந்தார். பாட்டை அவர் வண்டியின் உறுப்பாக எண்ணவேயில்லை. அதனாலன்றோ ஒன்றும் பூட்டவில்லை என்றது!

அத்தகைய பெட்டிக்கு இரண்டு மின்வழி உண்டு. மஞ்சள் ஒயர், நேரமும் நிலையமும் மறவாதிருத்தற்கு எப்பொழுதும் மின்சாரம் பெறுவது. அது உண்பது மிகச் சிறிது. சிவப்பு ஒயர், சாவியைத் திருகினாலன்றிப் பெறலாகாதது. அதுவே பெட்டியையும் ஒலிபெருக்கியையும் எழுப்புவது. பூட்டியவர் சாவி வழியைத் தேடும் உழைப்பைத் தவிர்த்து, இரண்டனையும் முறுக்கி நிலையான வழியிலேயே சேர்த்துவிட்டார். பொத்தானை அழுத்தினால் முகப்பு இருண்டது; பாட்டும் நின்றது; ஒலிபெருக்கி மட்டும் விழித்தே இருந்தது. எட்டு மாதத்தில் ஒருவர் கண்ணுக்கும் அது புலப்படவில்லை. எல்லா வண்டியிலும் குற்றவாளி பாட்டுப்பெட்டியே என்று கொள்ளற்க. டிக்கியின் மூடி சரியாக அழுந்தாமல் எரிந்தபடியே இருக்கும் 5 வாட்டு விளக்கொன்று நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி உண்ணும். கழற்றாது விட்ட செல்பேசிச் சார்ஜர், வண்டியின் இருப்பிடம் காட்டும் கருவி, முன்கண்ணாடியிற் பூட்டிய காமிரா, ஒட்டிக்கொண்ட ரிலே, ஆல்டர்நேட்டரினுள் கெட்டுப்போன டயோடு ஆகியவற்றையும் இவ்வாறே பிடித்ததுண்டு என்றார்.

வெயிலைப் பற்றியும் ஒன்று சொன்னார். குளிர்நாட்டார் பனிக்காலத்திற் பேட்டரிக்கு அஞ்சுவர். நாம் அஞ்சவேண்டுவது சித்திரை வைகாசிக்கு. ஒரகடத்துச் சாலையோரங்களில் நிழலின்றி நாள்முழுதும் நிற்கும் வண்டியின் மூடிக்குள் வெப்பம் மிகுந்து, தானே இறங்குதலும் தகடு அரித்தலும் விரையும். நீரூற்றும் வகையில் நீரும் வற்றும். அதற்குக் குழாய்நீர் ஊற்றுவது தீது. வாலைவடித்த நீரே வேண்டும்.

சிவப்பு ஒயரைப் பிரித்துச் சாவி வழியிற் சேர்க்க அவருக்கு அரைமணி பிடித்தது. கூலி முந்நூறு ரூபாய் பெற்றார். பேட்டரியை மாற்றவேண்டா, இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று கூறி, வாரமொருமுறை வைகறையில் அளந்து எழுதிவைக்குமாறு எம்மிடம் பணித்தார்.

அடுத்த திங்கட்கிழமை நாலேகால் மணிக்கு யாமும் மாமாவும் அளவியோடு நின்றேம். முப்பத்து மூன்று மணி ஓய்ந்திருந்த பேட்டரி 12.4 காட்டிற்று. மாமா சாவியைத் திருகுமுன் ஒருகணம் கண்மூடினார். எஞ்சின் முதற்றிருகலிலேயே எழுந்தது. தெருமுனையில் முதலில் வண்டியேறவேண்டிய அம்மையார், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தள்ளுதற்கு ஆயத்தமாக நின்றிருந்தார். வண்டி தானே ஓடிவந்து அருகில் நிற்கவே, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஏறியமர்ந்து, "பாட்டைப் போடுங்க அண்ணே" என்றார்.